நாலரை கிலோ காற்று

இங்கே காற்றைக் கிலோவில் சொல்வோம்.
மூணரை, நாலரை,
ராயக்கோட்டை மண்டியில் தக்காளி சொல்வதுபோல.

ஓசூர் சிப்காட், இரவு ஷிப்ட், பதினோராம் நம்பர் மேசை.
என் வேலை கண்ணாடி.
சுண்டுவிரல் நகம் அளவுதான்.
யாரோ ஒருவருடைய காருக்குப் பின்புறம்
கண்ணாக உட்காரப் போவது.
அதைத் தண்ணீர் தொடக்கூடாது, துணி தொடக்கூடாது,
முகமூடிக்குள் தும்மினால்கூட
தட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
காற்று மட்டும் தொடலாம்.

சேர்ந்த புதிதில்
ஓங்கி ஊதினால் போய்விடும் என்றிருந்தேன்.
முடி போனது. நூல் போனது.
சின்னது போகவில்லை.
சின்னதாக ஆக ஆக அதற்குப் பிடிவாதம் ஏறுகிறது.

எவ்வளவு வேகமாக ஊதினாலும்
கண்ணாடியை ஒட்டிய காற்று ஓடுவதில்லை.
மயிரிழையிலும் மெல்லிய ஓர் அடுக்கு
அசையாமல் நிற்கிறது.
அதற்குள் படுத்துக்கொள்கிறது துகள்,
மேலே லாரி லாரியாகப் போகட்டும் என்று.

அதனால் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
விட்டு விட்டு,
தட்.
தட் தட்.
அது அசந்த நேரம் பார்த்து இன்னொரு தட்.
தை மாதத்துக் காய்ந்த குளிரில்
கண்ணாடிக்கு எதைக் கண்டாலும் ஆசை,
இழுத்து ஒட்டிக்கொள்ளும்;
முதலில் அயனிக் காற்றைக் காட்டி அந்த ஆசையைத் தணிக்க வேண்டும்.
எல்லாவற்றையும்விட முக்கியம்
எதிரே உறிஞ்சும் வாய் திறந்திருப்பது.
இல்லாவிட்டால் இங்கே கிளம்பியது
பைரோஜாவின் தட்டில் போய் உட்காரும்,
அவளுக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சிருக்காது.

போன வாரம் என் தட்டில் நாற்பத்தொன்று ரிஜெக்ட்.
எல்லாவற்றிலும் ஒரே ஜாதித் துகள்,
முனை முனையாக, விளக்கில் மினுக்கிக்கொண்டு.
லேபிலிருந்து ஒரு வரிதான் வந்தது: கல்.
"யார் வீட்டுல கட்டடம் நடக்குது?"
சூப்பர்வைசர் ஃபெலிசியா வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.
எங்கள் வீட்டில் கட்டடம் நடக்கவில்லை.
அதைத்தான் சொன்னேன்.

திம்மராயன், என் வீட்டுக்காரர்,
பர்கூர் ரோட்டில் கிரானைட் ஓரம் தேய்க்கிறார்.
வேலை முடிந்ததும்
கம்ப்ரஸர் ஹோஸைப் பிடித்துத் தன்மேல் திருப்பிக்கொள்வார்,
சட்டை, கை இடுக்கு, காது, கண் மூடி முகம்.
வீட்டுக்கு அழுக்கு வரக்கூடாதாம்.
ஒரு வெள்ளை மேகம் எழும்பும்.
அடுத்த ஆள் அதற்குள் நுழைந்து ஹோஸை வாங்குவான்.
அங்கே எதிரே எந்த வாயும் திறந்திருக்காது,
அவர்களுடையதைத் தவிர.

மிச்சம் என் தலைமுடியில் ஏறி
கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து
காற்றறையில் நான் இரண்டு கையும் தூக்கிச் சுற்றிச் சுற்றி நின்றும்
இறங்காமல் உள்ளே வந்திருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம்.
ட்யூப்லைட்டில் தூக்கிப் பிடித்தார் டாக்டர்.
பழக்கதோஷம், நான் தலையைச் சாய்த்து
ஓரத்திலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டேன்.
கண்ணாடிக்கு இரண்டு துகள் வரை பாஸ்.
நெஞ்சுக்கு எத்தனை சார் என்றேன்.
"சளி வருதா?" என்றார், அவரைப் பார்த்து.

வீட்டில் சொன்னேன்:
ஊதாதே. தண்ணி ஊத்திக் கழுவு.
"தண்ணி கல்லுக்கே பத்தல."
சரி, ஈரத் துணியாலாவது துடை.
"ம்."

இன்றைக்கு ஆறு மணி.
பைபாஸ் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபடி போன் செய்தேன்.
ஹோஸைத் தொட்டியா?
"தொடல."
குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம்.
காதாலேயே சொல்வேன்,
ஆறு கிலோ, ஆறரை.
அப்புறம் என்ன அது?
"வேற யாரோ," என்றார்,
இருமலுக்குப் போனைத் தள்ளிப் பிடித்து.